ஹுண்ட்–பொஸ்னான் குலம்: ஹ்ரோன் கரையிலிருந்து பிரிந்த கிளைகள்

பின்னாளில் ஹங்கேரியின் முதல் கிறிஸ்தவ அரசராக முடிசூடிய ஸ்டீபன், தன் உறவினர் கொப்பானிக்கு எதிராகப் படை திரட்டியபோது, ஹ்ரோன் ஆற்றங்கரையில் ஜெர்மானிய முறைப்படி இடையில் வாள் அணிவிக்கப்பட்டார் என்று பழைய ஹங்கேரிய வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. அந்த வாளை அணிவித்தவர்கள் ஹுண்ட், பொஸ்னான் என்ற இரு வீரர்கள். இருவரும் ஸ்வாபிய நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றும், அவர்களை ஸ்டீபன் தன் மெய்க்காவலர்களுக்குத் தலைவர்களாக வைத்துக்கொண்டார் என்றும் அதே குறிப்புகள் சொல்கின்றன. இன்றைய ஸ்லோவாக்கியாவின் தென்மேற்கிலும் நடுப்பகுதியிலும் கோட்டைகளையும் மடங்களையும் திராட்சைத் தோட்டங்களையும் நூற்றாண்டுக் கணக்கில் ஆண்ட ஒரு பெருங்குலம் இந்த இருவரின் பெயர்களையும் சேர்த்தே தன் பெயராகக் கொண்டது. ஹங்கேரியர்கள் அதை ஹொண்ட்–பாஸ்மாஞ் என்பார்கள். ஸ்லோவாக்கியர்கள் ஹுண்ட்–பொஸ்னான் என்பார்கள். நான் இங்கே ஸ்லோவாக்கிய வடிவத்தையே பின்பற்றுகிறேன்.

வாள் அணிவித்த கதை அழகானதுதான். ஆனால் ஸ்வாபியப் பூர்விகத்தை நமக்குச் சொல்பவர் யார், எப்போது சொல்கிறார் என்பதைக் கவனித்தால் அதன் மேல் உள்ள நம்பிக்கை குறையத் தொடங்குகிறது. அரசர் நான்காம் லாடிஸ்லாஸின் அவையில் இருந்த சைமன் என்ற குரு 1280களில் எழுதிய வரலாற்றில், வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய பிரபுக்களுக்கென்றே ஒரு தனிப்பகுதி உண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஒரு குலத்தின் மூதாதை தொலைதூரத்திலிருந்து வந்த மாவீரன் என்று சொல்லிக்கொள்வது மதிப்புக்குரிய செய்தியாக இருந்தது. உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த தலைவன் என்று சொல்வதில் அந்தப் பெருமை கிடைக்கவில்லை. கொப்பானியின் போர் நடந்தது 997ஆம் ஆண்டை ஒட்டி. சைமன் எழுதியது அதற்கு ஏறக்குறைய 280 ஆண்டுகள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அந்தக் குலம் நாட்டின் முதல்தர வரிசைக்கு வந்துவிட்டது. வந்த பிறகு ஒரு நல்ல பூர்விகக் கதை அதற்குத் தேவைப்பட்டிருக்கும்.

அதைவிட மிகப் பழைய சாட்சியம் ஒன்று இருக்கிறது. பான்னோன்ஹால்மா மடத்துக்கு ஸ்டீபன் வழங்கியதாகக் கூறப்படும் 1001ஆம் ஆண்டுப் பட்டயம், கொப்பானியின் கலகத்தைப் பற்றிப் பேசும் இடத்தில், போரின்போது உடனிருந்த தலைவர்களாக பொஸ்னான், குன்ட், ஓர்ஸி ஆகிய மூவரின் பெயர்களைத் தருகிறது. நமக்குக் கிடைத்திருக்கும் படியில் பிற்காலத்தவர் சேர்த்த வரிகள் இருப்பதை ஆய்வாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் பெயர்கள் வரும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. குன்ட் என்பது ஹுண்ட்தான். பட்டயம் இந்த மூவரையும் படைத்தலைமைக்குரிய லத்தீன் பட்டத்தால் சுட்டுகிறது. இவர்கள் ஸ்வாபியாவிலிருந்து வந்தவர்கள் என்றோ விருந்தினர்கள் என்றோ ஒரு சொல்கூட அதில் இல்லை. வரிசையில் பொஸ்னான் முதலில் நிற்கிறான்.

ஸ்லோவாக்கிய வரலாற்றாசிரியர்கள் பலர் இங்கிருந்துதான் தங்கள் வாதத்தைத் தொடங்குகிறார்கள். பொஸ்னான் என்பது ஸ்லாவியப் பெயர். குலத்தின் மிகப் பழைய நிலங்கள் நித்ரா ஆற்றுப் பள்ளத்தாக்கிலும், அதற்குக் கிழக்கே ஹ்ரோன், இபெல் ஆறுகளை ஒட்டியும் பரவியிருந்தன. நித்ரா நகரம் 9ஆம் நூற்றாண்டில் பிரிபினா என்ற ஸ்லாவியக் கோமகன் ஆண்ட இடம்; அதன் பின் மொராவியப் பேரரசின் முக்கியமான மையங்களில் ஒன்று. அந்தப் பேரரசு 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடைந்து விழுந்தபோது அங்கிருந்த தலைவர்கள் எல்லாரும் காணாமல் போய்விடவில்லை. சிலர் புதிய ஆட்சியாளர்களுக்குப் பணிந்து நிலத்தைத் தக்கவைத்துக்கொண்டார்கள். அவர்களின் வழிவந்தவர்களே ஸ்டீபனுக்குத் துணைநின்ற பொஸ்னானும் ஹுண்ட்டும் என்பது இவர்களுடைய முடிவு. ஹங்கேரிய ஆய்வாளர்களில் கணிசமானோர் ஸ்வாபியக் கதையை முற்றாகத் தள்ளிவிட மனமில்லாதவர்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஸ்டீபன் பவேரிய இளவரசி கிசெலாவை மணந்தவர். அந்த மணத்தை ஒட்டி ஜெர்மானிய வீரர்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். கொப்பானியைப் போரில் கொன்றவர் என்று சொல்லப்படும் வெசெலினும் அப்படி வந்தவரே.

என் சாய்வு பொஸ்னான் விஷயத்தில் ஸ்லோவாக்கியர்களின் பக்கம்தான். ஹ்ரோன் கரையில் ஒரு படையைத் திரட்ட வேண்டுமானால், நேற்று வந்த வெளிநாட்டு வீரனைவிட அந்தப் பகுதியின் ஊர்களையும் ஆட்களையும் கையில் வைத்திருந்த ஒருவனே ஸ்டீபனுக்கு உதவியிருக்க முடியும். ஹுண்ட் எங்கிருந்து வந்தவன் என்பதை அவ்வளவு எளிதில் தீர்த்துவிட முடியாது. அவனுடைய பெயர் ஒரு மாவட்டத்துக்கே பெயராயிற்று என்பது மட்டும் உறுதி. ஹொன்ட் மாவட்டம் 1920 வரை அந்தப் பெயரோடுதான் இருந்தது. அதன் பிறகு அது இரு நாடுகளுக்கிடையே பிளவுபட்டது. மாவட்டத்துக்குப் பெயர் தந்த பழைய கோட்டை இருந்த ஊர் இன்று ஹங்கேரியின் பக்கம் இருக்கிறது.

இருவரின் வழியினரும் ஒரே குலமாக எப்போது கலந்தார்கள் என்ற கேள்விக்கும் பூர்விகக் கதை விடையளிப்பதில்லை. அது இருவரையும் தொடக்கத்திலேயே ஜோடியாக்கிவிடுகிறது. பட்டயங்களில் 'ஹுண்ட்–பொஸ்னான் குலத்தைச் சேர்ந்த' என்ற கூட்டுப் பெயர் 13ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வருகிறது. முதலில் இரண்டு தனிக்குடும்பங்களாக இருந்தவை திருமண உறவால் ஒன்றாயின என்று கொள்வதே பொருத்தம்.

12ஆம் நூற்றாண்டில் இந்தக் குலத்தின் மேல் வெளிச்சம் விழும் முதல் இடம் கொடூரமானது. நடு ஸ்லோவாக்கியாவின் க்ருபினா நகருக்கு அருகிலுள்ள பிஸோவீக்கில் ஒரு மடத்தை நிறுவியவர் லாம்பெர்ட் என்ற பிரபு. மனைவி சோபியாவும் மகன் நிகோலாஸும் அந்த அறக்கொடையில் உடனிருந்தார்கள். அதே காலத்தில் ஹங்கேரியை ஆண்டவர் பார்வையற்ற அரசர் இரண்டாம் பேலா. சிறுவனாக இருந்தபோது அவருடைய கண்களைப் பறித்தவர் அவருடைய பெரியப்பாவான அரசர் கோலோமன். அந்தக் கோலோமனின் மகன் என்று உரிமை கோரி 1132இல் போரிஸ் என்பவன் படையோடு வந்தபோது, ஷாயோ ஆற்றங்கரைப் பாசறையில் பேலா தன் பிரபுக்களைக் கூட்டி, போரிஸ் கோலோமனின் உண்மையான மகனா, முறைகேடாகப் பிறந்தவனா என்று கேட்டார். யார் துரோகி, யார் விசுவாசி என்பதை முகத்தை வைத்தே பிரித்தறியும் சோதனை அது. தயங்கியவர்களின் கதை அங்கேயே முடிந்தது. லாம்பெர்ட் அந்த இடத்தைவிட்டு நகர்ந்தபோது அரசரின் ஆட்கள் அவரை ஆற்றுப் பக்கம் இழுத்துச் சென்றதாகவும், அவருடைய சொந்தச் சகோதரனே உட்காரும் பலகையால் அவர் மண்டையைப் பிளந்ததாகவும், மகன் நிகோலாஸின் தலையை வெட்டியதாகவும் வரலாற்றுக் குறிப்பு எழுதுகிறது. இந்த லாம்பெர்ட்டே பிஸோவீக்கின் லாம்பெர்ட் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

கோபம் வந்து ஒரு பிரபுவைக் கொன்ற அரசர்கள் ஏராளம்; தம்பியோ அண்ணனோ கையில் பலகையை எடுத்தான் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தச் சகோதரன் அரசரின் பக்கம் நின்றான், பிழைத்தான். ஒரு குலம் முழுவதும் ஒரே அணியில் நிற்காமல், ஆளுக்கொரு பக்கம் நின்று, வென்ற பக்கத்தில் இருந்தவன் மூலம் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கே தெரிகிறது. பிற்காலத்தில் இந்தக் குலத்தின் கிளைகளில் இதே போக்கு மீண்டும் மீண்டும் தலைகாட்டுகிறது.

பிஸோவீக்கின் பிற்காலக் கதையையும் இங்கேயே சொல்லிவிடலாம். பெனடிக்ட் சபையினரிடமிருந்து பிரிமான்ட்ரே சபைத் துறவிகளின் கைக்கு மாறிய அந்த மடத்தை, 1530இல் பலாஷா குடும்பத்து ஜிக்மண்ட் பறித்துக்கொண்டு, துறவிகளைத் துரத்திவிட்டு, நான்கு மூலைகளிலும் வட்டக் கோபுரங்களை எழுப்பிக் கோட்டையாக மாற்றினார். இன்று அங்கே போகிறவர்கள் காண்பது கோட்டையைத்தான்.

குலத்தின் வளத்தைக் கண்ணால் காண வேண்டுமென்றால் ஹ்ரோன் கரையிலுள்ள பீன்யாவுக்குத்தான் போக வேண்டும். எஸ்டெர்கோம் நகரிலிருந்து சிறிது தொலைவில் இருக்கும் இந்தக் கிராமத்தைச் சுற்றி மிகப் பெரிய பழைய மண் அரண்கள் உண்டு. ஸ்டீபன் படை திரட்டியதும் வாள் அணிந்ததும் இங்கேதான் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1217இல், அரசர் இரண்டாம் ஆண்ட்ரூ சிலுவைப் போருக்குப் புறப்பட்ட அதே ஆண்டில், ஒமொதேய் என்ற குலத்தலைவர் இங்கே பிரிமான்ட்ரே சபைத் துறவிகளுக்காக ஒரு மடத்தை நிறுவினார். அதன் இரட்டைக் கோபுரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அதன் அருகில் ஒரு சிறிய வட்டக் கோயில் இருக்கிறது. பன்னிரண்டு அப்போஸ்தலர்களின் பெயரால் அமைந்த அந்தக் கோயிலின் உட்சுவரைச் சுற்றிலும் பன்னிரண்டு மாடங்கள். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கே ஒவ்வொன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் ஹ்ரோன் கரையில் நடந்த கடும் சண்டையில் பெரிய தேவாலயம் மோசமாகச் சிதைந்து, பின்பு பழுதுபார்க்கப்பட்டது.

13ஆம் நூற்றாண்டில் குலம் பல கிளைகளாகப் பிரிந்தது. பிரிந்த பின்னும் எல்லாரும் தங்களை ஒரே குலத்தவர் என்று பட்டயங்களில் விடாமல் எழுதிக்கொண்டதற்குக் காரணம் பாசம் அல்ல, சட்டம். ஹங்கேரிய வழக்கில் பரம்பரை நிலம் தனியொருவனுக்குச் சொந்தமானதல்ல. ஆண் வாரிசு இல்லாமல் ஒருவன் இறந்தால் நிலம் பங்காளிகளுக்குப் போகும். 1222ஆம் ஆண்டின் பொன்முத்திரைச் சாசனம் மகன் இல்லாதவன் தன் நிலத்தை விருப்பப்படி கொடுக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டது. 1351இல் அரசர் முதலாம் லூயி அந்த வாசலை அடைத்து, நிலம் சகோதரர்களுக்கும் நெருங்கிய உறவினர்களுக்கும் குலத்தாருக்குமே செல்ல வேண்டும் என்று உறுதிசெய்தார். மகள்களுக்கு நான்கில் ஒரு பங்கு உண்டு; அதுவும் பெரும்பாலும் பணமாகத்தான் கொடுக்கப்பட்டது. ஆகவே ஐந்து தலைமுறைக்கு முன் பாகம் பிரித்துக்கொண்டு போனவரின் கொள்ளுப்பேரன் பிள்ளையில்லாமல் இறந்தாலும், அவரும் தானும் ஒரே கொடிவழி என்று நிரூபிக்க முடிந்தவனுக்கு ஒரு வழக்கு இருந்தது. பாகப்பிரிவினைகளை எழுதி, முத்திரையிட்டு, ஒரு படியைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும் பணியை மடங்களும் பேராலயக் குருமார் குழுக்களும் செய்தன. இந்தக் குலத்தின் கிளைகளைப் பற்றி நாம் இன்று அறிந்தவற்றில் பெரும்பகுதி இத்தகைய நிலத் தகராறுகளிலிருந்து வந்ததே.

இந்த நிலச் சட்டத்தின் மறுபக்கத்தைக் காட்டுவது ஸ்வெடீ யூர், பெசினோக் கிளை. பிராத்திஸ்லாவாவுக்கு வடகிழக்கே, சிறிய கார்பாத்திய மலைச்சரிவுகளில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு ஊர்கள் இவை, மதுவுக்குப் பெயர்பெற்றவை. 1208இல் நித்ரா மாவட்டத் தலைவராக இருந்த தோமாஸுக்குப் பெசினோக் நிலமும், அடுத்த ஆண்டில் அவருடைய மகன் செபெஷுக்கு ஸ்வெடீ யூரும் இரண்டாம் ஆண்ட்ரூவிடமிருந்து கிடைத்தன. அரசுரிமைக்காக ஆண்ட்ரூ தன் அண்ணன் எமெரிக்கோடு மல்லுக்கு நின்ற காலத்தில் அவர் பக்கம் நின்றதற்கான கைம்மாறு அது. மேலே ஒரு கோட்டை, கீழே திராட்சைத் தோட்டங்கள், அப்பால் வியன்னாவுக்குப் போகும் வழி என்ற அமைப்பு இவர்களை ஹங்கேரிய அரசவையை மட்டும் நம்பியிராத பிரபுக்களாக ஆக்கியது. ஆறு முனை நட்சத்திரம் இவர்களுடைய சின்னம்.

எல்லையோரப் பிரபுக்களுக்கே உரிய சாமர்த்தியம் இவர்களிடம் முழுமையாக இருந்தது. 1459 பிப்ரவரியில், இளம் அரசர் மத்தியாஸுக்கு எதிராகச் சில பெருந்தலைகள் கூடி, பேரரசர் மூன்றாம் பிரெடெரிக்கை ஹங்கேரிய அரசராகத் தேர்ந்தெடுத்தபோது, இந்தக் கிளையின் ஜிக்மண்டும் யானும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதே ஆண்டு பிரெடெரிக் இவர்களுக்குக் கவுன்ட் பட்டம் வழங்கினார். பின்னர் மத்தியாஸுடன் சமாதானமாகப் போய்விட்டார்கள். பட்டத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. அடுத்த தலைமுறையில் பீட்டர் என்பவர் 1498 முதல் 1510 வரை டிரான்சில்வேனியாவின் ஆளுநராகவும், நாட்டின் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். கிளை எட்டிய உச்சம் அதுதான். 1543இல் கிரிஸ்டோஃப் ஆண் வாரிசின்றி இறந்தபோது கவுன்ட்டுகளின் வரிசை முடிந்தது.

அப்போது இதே குலத்தின் வேறு கிளைகள் உயிரோடும் வசதியோடும் இருந்தன. ஆனாலும் நிலம் அவர்களுக்குப் போகவில்லை, அரசிடம் திரும்பியது. அரசர் தானமாகக் கொடுத்த நிலம், தானம் பெற்றவரின் வழியினருக்கே உரியது. மூதாதையரிடமிருந்து பாகம் பிரித்து வந்த நிலத்துக்கு மட்டுமே தூரத்துப் பங்காளிகள் உரிமை கோர முடியும். ஹுண்ட்டும் பொஸ்னானும் பொதுவான மூதாதையர். ஆனால் ஸ்வெடீ யூர் அவர்களுடைய சொத்தாக இருந்ததே இல்லை. நூறாண்டுகள் கழித்து, 1647இல், அந்த இரு ஊர்களும் சுதந்திர அரச நகரங்களாயின.

எஞ்சிய கிளைகளில் மிக நீண்ட ஆயுள் கொண்டது ஃபோர்காச் குடும்பம். நித்ராவுக்கு வடகிழக்கே யெலெனெத்ஸ் கிராமத்துக்கு மேலே, காட்டுக்குள் ஒரு குன்றின்மேல் இருக்கும் கீமெஷ் கோட்டை இவர்களுடைய தாயகம். கோட்டையைக் கட்டியவர் இவான்கா என்பவரின் மகன் ஆண்ட்ரூ. 1241இல் மோஹி சமவெளியில் மங்கோலியர்கள் ஹங்கேரியப் படையை அழித்தபோது, தப்பியோடிய அரசர் நான்காம் பேலாவுக்குத் தன் குதிரையைக் கொடுத்துக் காப்பாற்றியவர் இவர் என்பது குடும்பத்தின் வழக்கு. அந்தப் பேரழிவுக்குப் பின் கல்லால் ஆன கோட்டைகளைக் கட்டும்படி பேலாவே பிரபுக்களைத் தூண்டினார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆண்டுகளில் கீமெஷ் எழுந்ததில் வியப்பில்லை. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மேற்கு ஸ்லோவாக்கியாவைத் தனி ராஜ்யம்போல் ஆண்ட மாத்தூஷ் சாக் கோட்டையைப் பறித்துக்கொண்டார். 1321இல் அவர் இறந்ததும் அது அரசரின் கைக்குப் போய்விட்டது.

இழந்த கோட்டையை மீட்டவர் ப்ளாஷேய் ஃபோர்காச். மீட்ட விதம் அந்தக் காலத்துக்கே உரியது. 1385இன் இறுதியில் நேப்பிள்ஸ் அரசர் சார்லஸ் ஹங்கேரிய அரியணையைப் பிடித்துக்கொண்டு, இளம் அரசி மரியாவை ஒதுக்கிவைத்தார். மரியாவின் தாய் எலிசபெத்தும், அரசருக்கு அடுத்த உயர் பதவியான பெருந்தலைவர் பதவியில் இருந்த நிகோலாஸ் கராயும் சார்லஸை 1386 பிப்ரவரி 7 அன்று புடா அரண்மனையில் தங்கள் அறைக்கு அழைத்தார்கள். அரசவைப் பானப் பொறுப்பாளராக இருந்த ப்ளாஷேய் அங்கே அரசரின் தலையில் வெட்டினார். உடனே உயிர் போகவில்லை. விஷேக்ராட் கோட்டையில் அடைபட்ட நிலையில், பிப்ரவரி 24 அன்று சார்லஸ் இறந்தார். ப்ளாஷேய்க்குக் கிடைத்த பரிசு கீமெஷ் கோட்டை.

அதை அனுபவிக்க அவருக்குச் சில மாதங்களே கிடைத்தன. அதே ஆண்டு ஜூலை 25 அன்று, அரசிகள் இருவரும் தெற்கே ஸ்லாவோனியாவுக்குப் பயணம் செய்தபோது, கோர்யானி அருகே சார்லஸின் ஆதரவாளர்களான ஹோர்வாத் குடும்பத்தார் வழிமறித்தார்கள். கராயும் ஃபோர்காச்சும் வண்டியைக் காத்துப் போரிட்டு விழுந்தார்கள். அவர்களுடைய தலைகள் சார்லஸின் விதவை மார்கரெட்டுக்கு நேப்பிள்ஸுக்கு அனுப்பப்பட்டன. கோட்டை மட்டும் குடும்பத்திடமே தங்கியது.

பிந்தைய ஃபோர்காச்சுகளைப் பற்றி விரிவாகச் சொன்னால் கட்டுரை இடைக்காலத்தை விட்டு வெகுதூரம் போய்விடும். ஃபிரான்ஸிஸ் ஃபோர்காச் லூத்தரன் வீட்டில் வளர்ந்து கத்தோலிக்கராக மாறி, 1607இல் எஸ்டெர்கோமின் பேராயரும் கர்தினாலும் ஆனார். அவருடைய சகோதரர் ஜிக்மண்ட் 1618இல் நாட்டின் பெருந்தலைவர் பதவிக்கு வந்தார். ஹாலிச் ஊரிலுள்ள மாளிகையைக் கட்டியவரும் இவரே. ஆதாம் ஃபோர்காச் 1663இல் நோவே ஸாம்கி கோட்டையை உதுமானியரிடம் இழந்தார். அவருடைய மகன் சிமோன், ஹாப்ஸ்பர்க் பேரரசின் படைத்தளபதியாக இருந்துவிட்டு, அந்தப் பேரரசுக்கு எதிரான ராகோட்ஸியின் கிளர்ச்சிக்குக் கட்சி மாறினார். ஷாயோ கரையில் பலகையைத் தூக்கிய சகோதரனின் குலத்தவர்கள்தானே!

கர்தினால் ஃபோர்காச்சுக்குப் பின் 1616இல் பேராயரானவர் பீட்டர் பாஸ்மாஞ். அவரும் கால்வினிய வீட்டில் பிறந்து மதம் மாறியவர். 1635இல் த்ரனவா பல்கலைக்கழகத்தை நிறுவியவர். பிஹார் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட அவருடைய குடும்பமும் பழைய பொஸ்னானின் வழி என்றே உரிமை கொண்டாடியது. ஒரே குலத்தைத் தங்கள் வேராகச் சொல்லிக்கொண்ட இருவர் அடுத்தடுத்து நாட்டின் தலைமைப் பேராயர்களாக இருந்தது தற்செயல்தான் என்றாலும், அந்தப் பெயருக்கு 600 ஆண்டுகளுக்குப் பிறகும் மதிப்பு இருந்தது என்பதில் தற்செயல் எதுவும் இல்லை. கீமெஷின் ஃபோர்காச்சுகள் கையில் பட்டயம் இருந்தது. பிஹாரின் பாஸ்மாஞ்சுகளிடம் குடும்பப் பெயரும் பூர்விகக் கதையும் இருந்தன.

கொடிவழிகளுக்கு இந்த மதிப்பைக் கொடுத்த பரம்பரை நிலச் சட்டம் 1848இல் நிறுத்திவைக்கப்பட்டு, 1852இல் பேரரசரின் ஆணையால் முற்றிலும் நீக்கப்பட்டது. அதன் பின் நிலத்தை யாரும் யாருக்கும் விற்கலாம். பங்காளியின் ஒப்புதல் தேவையில்லை. ஹுண்ட் யார், பொஸ்னான் யார் என்ற கேள்வி நீதிமன்றத்தை விட்டு வரலாற்று ஆய்வாளர்களிடம் வந்து சேர்ந்தது அப்போதுதான். அவர்கள் இன்றும் அதற்கு ஒத்த விடை சொல்லவில்லை.